அவசர சிகிச்சைப் பிரிவின் தரத்தை எதை வைத்து அளப்பது? டெல்டாவுக்கு ஒத்துவரும் வழி எது?

விபத்தில் அடிபட்டு வருபவரை ஒரு ஆஸ்பத்திரி எவ்வளவு நன்றாகக் கவனிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படுக்கை எத்தனை, மானிட்டர் எத்தனை என்று எண்ணுவது ஒரு வழி. எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்ப்பது இன்னொன்று. வந்து எத்தனை நிமிடத்தில் சி.டி. எடுத்தார்கள், எப்போது ரத்தம் ஏற்றினார்கள் என்று நேரத்தைப் பார்க்கலாம். காயத்துக்கு மார்க் போட்டு, அந்த மார்க்குக்கு எத்தனை பேர் பிழைத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடலாம். இறந்தவர்களின் கேஸ் ஷீட்டை எடுத்துவைத்து உட்கார்ந்து பேசலாம். ஆறு மாதம் கழித்து அந்த ஆள் வேலைக்குப் போகிறாரா என்றும் விசாரிக்கலாம். எல்லாமே பயனுள்ளவைதான், ஆனால் ராத்திரி டியூட்டியில் ஒரு டாக்டரும் ரெண்டு ஸ்டாஃப் நர்ஸும் இருக்கும் இடத்தில் இத்தனையையும் எழுத ஆள் கிடையாது, அதனால் சிலதை எடுத்துச் சிலதை விட்டுத்தான் ஆக வேண்டும்.

டெல்டாவில் காஷுவாலிட்டி டியூட்டி பார்த்தவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த அளவுகோலை எடுத்தாலும் அது அடிபட்ட ஆளோடு சேர்ந்து ஆஸ்பத்திரி விட்டு ஆஸ்பத்திரி போக வேண்டும். ஒரே கட்டடத்துக்குள் நின்றுவிடும் அளவு நம் பக்கம் தப்பான கணக்கைத்தான் காட்டும்.

ஏன் என்று ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். தை மாதம், சம்பா அறுவடை நேரம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு ரோடு. பாதி ரோட்டில் நெல்லைக் காயப்போட்டு, வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் கருங்கல்லை வரிசையாக வைத்திருக்கிறார்கள், ராத்திரி எட்டரை மணிக்கு ஹெல்மெட் இல்லாமல் வந்த பையன் அந்தக் கல்லில் ஏற்றி விழுகிறான். 108 வந்து பக்கத்து தாலுகா ஜி.ஹெச்.-க்குக் கொண்டுபோகிறது, அங்கே ஊசி போட ஒரு லைன் எடுத்து, ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் எழுதி, தலையில் அடி என்பதால் மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் எழுதுகிறார்கள். அங்கே சி.டி. எடுத்ததும் மூளைக்குள் ரத்தக்கசிவு தெரிகிறது, நியூரோ சர்ஜன் அந்த ராத்திரி இல்லை, தஞ்சாவூருக்கு ரெஃபர். தஞ்சாவூர் மெடிக்கல் போய்ச் சேரும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது, விடிவதற்குள் பையன் இறந்துபோகிறான். இப்போது மூன்று ஆஸ்பத்திரியின் பதிவையும் பிரித்துப் பாருங்கள். முதல் இரண்டிலும் இவன் "உயிருடன் ரெஃபர் செய்யப்பட்டவர்". இறப்பு முழுக்க தஞ்சாவூர் கணக்கில். நாலரை மணி நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட இரண்டு இடங்களின் இறப்பு விகிதத்தில் இவன் இல்லவே இல்லை.

இன்னொன்றும் நடக்கும், காஷுவாலிட்டியில் வேலை பார்த்த யாருக்கும் இது புதிதில்லை. "இனிமே ஒண்ணும் இல்லைன்னா ஊருக்கே கொண்டுபோயிடுறோம் சார், வீட்டுல வச்சுப் போகட்டும்" என்று சொந்தக்காரர்கள் எழுதிக்கொடுத்து, மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை அழுத்திக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏற்றிப் போவார்கள். அவர்களுடைய நியாயம் அவர்களுக்கு, பிரேதப் பரிசோதனை வேண்டாம், உயிர் வீட்டுத் திண்ணையில் போகட்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். ஆனால் பதிவேட்டில் அவர் "சொந்த விருப்பத்தில் சென்றவர்". எந்த ஆஸ்பத்திரியின் இறப்புக் கணக்கிலும் அவர் வரமாட்டார்.

அதனால்தான் ஒரு ஆஸ்பத்திரியின் வெறும் இறப்பு சதவீதத்தை இன்னொன்றோடு ஒப்பிடுவதை நான் முதலில் தள்ளிவிடுகிறேன். இந்த வழி எல்லாருக்கும் பிடிக்கும், ஒரே ஒரு எண், பேப்பரில் போடலாம், மீட்டிங்கில் ஸ்லைடில் காட்டலாம். ஆனால் அடி பலமாக இருப்பவர்களை மேலே அனுப்பும் ஆஸ்பத்திரிக்கு நல்ல எண்ணும், அவர்களை வாங்கிக்கொள்ளும் ஆஸ்பத்திரிக்குக் கெட்ட எண்ணும் கிடைக்கும். அதை வைத்து யாரையாவது கேள்வி கேட்க ஆரம்பித்தால் அடுத்த மாதமே ரெஃபரல் கூடும். எண்ணிக்கை சின்னதாக இருப்பதும் ஒரு பிரச்சினை. பலத்த காயத்தோடு வந்த 100 பேரில் 20 பேர் இறந்தால், தற்செயலாக ஏறி இறங்குவதைக் கணக்கில் எடுத்தால் உண்மையான விகிதம் சுமார் 13 முதல் 29 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். போன வருஷம் 22, இந்த வருஷம் 18 என்று சந்தோஷப்படுவதற்கோ சண்டை போடுவதற்கோ அதில் எதுவும் இல்லை.

கட்டமைப்பை எண்ணும் வழிக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. தேசிய தரச் சான்று போன்றவற்றில் இந்த எண்ணிக்கைக்கு நிறைய இடம் உண்டு, பட்டியலை வைத்து டிக் போட்டு, 70 சதவீதம் வந்தால் சான்றிதழ். பட்டியல் தேவைதான், ஆக்சிஜன் லைன், சக்ஷன், செஸ்ட் டியூப் இல்லாத இடத்தில் மற்றதைப் பேசிப் பிரயோஜனமில்லை. தமிழ்நாட்டில் 'தாய்' (TAEI) என்கிற விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் வந்த பிறகு அவசர சிகிச்சைப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஆட்களைப் பிரிக்கும் முறையும் அதற்கான இடமும் வந்தன, அது பெரிய மாற்றம். ஆனால் சிவப்புப் பகுதி இருப்பது வேறு, ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தவரை யாராவது சிவப்பு என்று கண்டுபிடிப்பது வேறு. மருத்துவத் தரத்தை அமைப்பு, செயல், விளைவு என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவத் தர ஆய்வாளர் டொனபீடியன் 1966-லேயே எழுதினார். நாம் இன்னும் முதல் பிரிவிலேயே நின்று சான்றிதழ் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது என் வருத்தம்.

மார்க் போடும் முறைக்கு வருவோம், இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மெடிக்கல் காலேஜ்களில் ஆய்வு செய்யும் நண்பர்கள் பலரும் இதைத்தான் சொல்வார்கள். 1974-ல் வந்த ஐ.எஸ்.எஸ். என்கிற காயக் கடுமை மார்க் முறையில் உடம்பை ஆறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு காயத்துக்கும் 1 முதல் 6 வரை மார்க் போட்டு, மோசமான மூன்று பகுதிகளின் மார்க்கை வர்க்கப்படுத்திக் கூட்டுவார்கள். தலையில் 4, தொடை எலும்பு முறிவுக்கு 3, நெஞ்சில் 2 என்றால் 16, 9, 4 சேர்ந்து 29. 15-ஐத் தாண்டினால் பலத்த காயம், உச்சம் 75. இதோடு சுயநினைவு அளவு, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, வயது எல்லாம் சேர்த்து, இவர் பிழைக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்வது 1987-ல் வந்த ட்ரிஸ். நூறு பேருக்கு எதிர்பார்த்ததைவிட எத்தனை பேர் கூடுதலாகப் பிழைத்தார்கள் என்று அதிலிருந்து கணக்கிடலாம். யோசித்துப் பார்த்தால் அழகான முறை, அடி பலமாக இருப்பவர்களை வாங்கும் ஆஸ்பத்திரிக்கும் நியாயம் கிடைக்கும்.

நம் காஷுவாலிட்டியில் அதைச் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வி. ஐ.எஸ்.எஸ். போட வேண்டுமானால் சி.டி. ரிப்போர்ட், ஆபரேஷன் குறிப்பு, இறந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாம் வேண்டும், அந்த அறிக்கை போலீஸுக்குப் போகும், நமக்குத் திரும்பி வர எத்தனை நாளாகும் என்பது இங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். மார்க் போடப் பயிற்சி எடுத்த ஆளும் வேண்டும். மூச்சு எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள், 18 அல்லது 20, 18 அல்லது 20 என்றே இருக்கும். நெஞ்செலும்பு உடைந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கும் 20. ஒரு நிமிடம் நின்று எண்ண நேரமில்லாமல் போட்ட எண் அது. அதை ஃபார்முலாவில் போட்டால் புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் வரைக்கும் பதில் வரும், அந்தத் துல்லியத்துக்கு அர்த்தமே கிடையாது. போதாக்குறைக்கு ட்ரிஸ் கணக்கின் எண்கள் 1980களில் அமெரிக்க நோயாளிகளை வைத்துப் போட்டவை. ஆம்புலன்ஸிலேயே பயிற்சி பெற்ற ஆள் ஏறி, நேராகப் பெரிய சென்டருக்குப் போகும் ஏற்பாட்டின் கணக்கு அது. நம் பையன் மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கினான்.

இதற்கு ஒரு எளிய மாற்று இருக்கிறது, எனக்கு அது பிடிக்கும். 2011-ல் ஜப்பானில் இருந்து வந்த கேப் முறை. சுயநினைவு அளவு 3 முதல் 15 வரை (15 என்றால் முழு நினைவு) என்னவோ அது அப்படியே, வயது 60-க்குக் கீழ் என்றால் 3 சேர்க்க வேண்டும், மேல் ரத்த அழுத்தம் 120-க்கு மேல் இருந்தால் 6, 60-க்கும் 120-க்கும் நடுவில் இருந்தால் 4, 60-க்குக் கீழ் பூஜ்யம். அவ்வளவுதான். 19 அல்லது அதற்கு மேல் என்றால் ஆபத்து குறைவு, 11 முதல் 18 வரை நடுத்தரம், 10 அல்லது அதற்குக் கீழ் என்றால் மிக அதிகம். பேராவூரணிப் பக்கம் தென்னையிலிருந்து விழுந்த 65 வயதுக்காரர், சுயநினைவு 14, அழுத்தம் 90 என்றால் 18, அதாவது பேசிக்கொண்டு வந்தாலும் நடுத்தர ஆபத்து. இதை நர்ஸ் மனக்கணக்காகவே போடலாம், சி.டி. வேண்டாம், மார்க் போடப் பயிற்சி எடுத்த ஆள் வேண்டாம், மூச்சு எண்ணிக்கையும் வேண்டாம். குறை இல்லாமல் இல்லை. குடித்துவிட்டு வந்தவருக்குச் சுயநினைவு அளவு குறைவாகத்தான் வரும், வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்து மெல்லக் கசியும் ஆளுக்கு வந்த நேரத்தில் எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனாலும் ஆட்களை மூன்று கூட்டமாகப் பிரித்து, குறைந்த ஆபத்துக் கூட்டத்தில் யாராவது இறந்திருந்தால் அந்தக் கேஸைத் தனியாக எடுத்துப் பார்க்க இது போதும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

அடுத்தது நேரம். இது இல்லாமல் எதுவும் ஆகாது என்று நினைக்கிறேன், ஆனால் எந்த நேரத்தை அளக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் எமர்ஜென்சிக்கு வருபவர்களில் 98 சதவீதம் பேரை நாலு மணி நேரத்துக்குள் அனுமதிக்கவோ அனுப்பவோ வேண்டும் என்று 2004-ல் இலக்கு வைத்தார்கள், கடைசி இருபது நிமிடத்தில் திடீரென்று ஏகப்பட்ட பேர் நகர்த்தப்பட்டார்கள். இலக்கு நிறைவேறியது, நகர்த்தப்பட்டவருக்கு நல்லது நடந்ததா என்பது வேறு கதை. ஆகவே மொத்த நேரத்தை விட்டுவிட்டு, செய்தால் உயிர் பிழைக்கும் என்று தெரிந்த காரியத்துக்கு மட்டும் நேரம் வைக்க வேண்டும்.

அதில் முதலாவதாக நான் வைப்பது ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் ஊசி. 40 நாடுகளில் 274 ஆஸ்பத்திரிகளில் 20,211 பேரை வைத்துச் செய்த கிராஷ்-2 ஆய்வு 2010-ல் வந்தது, ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு இந்த ஊசி போட்டால் இறப்பு குறைகிறது என்று காட்டியது, மொத்த இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5-க்கு இறங்கியது. அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் போட வேண்டும், முதல் மணி நேரத்தில் போட்டால் இன்னும் நல்லது, மூன்று மணி தாண்டினால் கெடுதல்கூட உண்டு. விலை மலிவு, எந்த தாலுகா ஆஸ்பத்திரியிலும் வைக்கலாம், ஸ்பெஷலிஸ்ட் தேவையில்லை. டெல்டாவுக்கு இது ஏன் முக்கியம் என்றால், வேதாரண்யத்தில் அடிபட்டவர் தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் அந்த மூன்று மணி நேரம் முடிந்துவிடும். ஆக இந்த ஊசியை முதல் ஆஸ்பத்திரியில் போட்டார்களா என்று பார்த்தால் முதல் ஆஸ்பத்திரியின் தரம் தெரிந்துவிடும், ஆபரேஷன் தியேட்டர் இல்லாததை எந்த டாக்டரும் சாக்காகச் சொல்ல முடியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். திறந்த எலும்பு முறிவுக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக், நாற்றங்கால் சேற்றில் டிராக்டர் கவிழ்ந்து வரும் கால்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. சுயநினைவு 12 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தலைக்கு சி.டி. எடுக்க வேண்டும். ஆள் வந்து பத்து நிமிடத்துக்குள் ரத்த அழுத்தம், நாடி, சுயநினைவு மூன்றும் பதிவாக வேண்டும். எல்லாவற்றையும் விட, மேலே அனுப்ப வேண்டும் என்றால் ஆள் வந்ததிலிருந்து ஆம்புலன்ஸ் கிளம்பும் வரை எத்தனை நிமிடம், வாங்கப்போகும் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிச் சொன்னார்களா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசிக் கணக்கை நம் பக்கம் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை, நம் பையனுடைய நேரத்தில் பெரும்பகுதி அங்கேதான் போனது.

நேரத்தை அளப்பதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ஏ.ஆர். பதிவேட்டில் இருப்பது ஆள் வந்த நேரம் கிடையாது, டாக்டர் எழுத உட்கார்ந்த நேரம். ஒரு ஆஸ்பத்திரியில் பழைய பதிவேட்டைப் புரட்டியபோது பக்கம் பக்கமாக 10.00, 10.30, 11.00 என்றே இருந்தது, 10.17 என்று ஒரு பதிவைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. விபத்துகள் அரை மணிக்கு ஒரு தடவை மணியடித்தாற்போல வருவதில்லை. இந்தப் பதிவேடு கோர்ட்டுக்குப் போகும் காகிதம் என்பதால் அதில் எழுதுவோர் கவனமெல்லாம் யார் கூட்டி வந்தார்கள், எந்த இடம், என்ன வண்டி என்பதில்தான் இருக்கும், நிமிடத்தில் இருக்காது, அது அவர்கள் தப்பும் இல்லை. ஆகவே வந்த நேரத்தை 108 பதிவிலிருந்து எடுத்துக்கொள்வது நல்லது, ஆம்புலன்ஸில் வராமல் ஆட்டோவிலும் டூ வீலர் நடுவில் உட்காரவைத்தும் வருபவர்களுக்கு மட்டும் வாசலில் இருக்கும் ஊழியர் ஒரு சீட்டில் மணி எழுதிக் கையில் கொடுக்கலாம்.

இறப்பு ஆய்வுக் கூட்டம் பற்றிப் பலருக்குப் பயம் இருக்கிறது, மாட்டிவிடுவார்கள் என்று. ஆனால் உலகத்தில் விபத்து சிகிச்சையை மாற்றியதில் இதற்குத்தான் பெரிய பங்கு. 1979-ல் கலிஃபோர்னியாவில் இரண்டு இடங்களின் விபத்து இறப்புகளை எடுத்து ஒப்பிட்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் எல்லாரையும் ஒரே சென்டருக்குக் கொண்டுபோவார்கள், ஆரஞ்சு கவுண்டியில் எது பக்கமோ அங்கே. ஆரஞ்சு கவுண்டியில் தலைக்காயம் அல்லாத இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு தடுத்திருக்கக் கூடியவை என்று தெரிந்தது, சான் ஃபிரான்சிஸ்கோவில் அப்படி ஒன்றே ஒன்றுதான். அங்கே விபத்து சிகிச்சை ஏற்பாடே அதன்பின் மாறியது. நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் தாய்லாந்தின் கோன் கேன் ஆஸ்பத்திரி, அதுவும் நெல் விளையும் பூமி, அங்கேயும் டூ வீலர்தான். பதிவேடு வைத்து, இறந்தவர்களின் கேஸை வரிசையாகப் பார்த்து, தாமதம் எங்கே என்று கண்டுபிடித்தார்கள். கூட்டம் அதிகமாக வரும் நேரத்தில் பயிற்சி முடித்த சர்ஜனை எமர்ஜென்சியிலேயே நிறுத்தினார்கள், ஆஸ்பத்திரிக்குள் தகவல் சொல்லும் ஏற்பாட்டைச் சரிசெய்தார்கள், இறப்பு குறைந்தது. விலை உயர்ந்த மிஷின் எதுவும் அதில் இல்லை.

குறை என்னவென்றால், "தடுத்திருக்கலாம்" என்பது ஆளுக்கு ஆள் மாறும் தீர்ப்பு. அதே கேஸைப் பார்த்து சர்ஜன் ஒன்று சொல்வார், மயக்க மருந்து டாக்டர் வேறு சொல்வார். ஆகவே இதை வைத்து ஆஸ்பத்திரிகளுக்கு ரேங்க் போடக் கூடாது, எங்கே சரிசெய்வது என்று கண்டுபிடிக்க மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். டெல்டாவில் இந்தக் கூட்டத்தை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியாக நடத்தினால் பாதிப் பலன்தான். தஞ்சாவூரில் இறந்தவருடைய கேஸை அவரை முதலில் பார்த்த தாலுகா டாக்டரும், கூட்டிவந்த 108 ஊழியரும் சேர்ந்து பார்க்க வேண்டும். மாதம் ஒரு தடவை வீடியோ காலில் போதும். பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவதில்லை, மெமோ கிடையாது என்று டீனும் இணை இயக்குநரும் முதலிலேயே எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரெண்டாவது மாதத்திலிருந்து கேஸ் ஷீட்டே காணாமல் போகும்.

பிழைத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடவுக்குப் போகிற அம்மா ஒருவருக்குக் கால் உடைந்து சேர்த்தால், உயிர் பிழைத்தது என்று நாம் சந்தோஷமாக டிஸ்சார்ஜ் எழுதுவோம், அவருக்கோ மறுபடி வயலில் இறங்க முடியுமா என்பதுதான் கேள்வி. வளைந்து ஒட்டிய எலும்பு எந்த இறப்புக் கணக்கிலும் தெரியாது. ஆறு மாதம் கழித்து எல்லாரையும் தேடிப்பிடிப்பது முடியாத காரியம் என்பார்கள், போன் நம்பர் மாறியிருக்கும், திருப்பூர் பக்கம் வேலைக்குப் போயிருப்பார்கள். ஆனால் கிராம சுகாதார செவிலியரும் மக்களைத் தேடி மருத்துவம் பணியாளர்களும் வீடு வீடாகப் போகிறவர்கள்தான், பலத்த காயத்தோடு வந்தவர்கள் பட்டியலை மட்டும் அவர்களிடம் கொடுத்து, உயிரோடு இருக்கிறாரா, நடக்கிறாரா, பழைய வேலைக்குப் போகிறாரா என்று மூன்று கேள்வி கேட்கச் சொல்லலாம். எழுதிக்கொடுத்து வீட்டுக்குப் போனவர்களுக்கு என்ன ஆனது என்பதும் இந்த வழியில்தான் தெரியவரும். இது முதல் வருஷத்தில் முடியாது, ரெண்டாம் வருஷம் வைத்துக்கொள்ளலாம்.

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துச் சிகிச்சைச் செலவை ஒரு வரம்பு வரை அரசு கொடுக்கிறது, சேர்ந்திருக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்து. ஆக கும்பகோணத்திலோ பட்டுக்கோட்டையிலோ தனியாரிடம் போன ஆளின் பதிவும் அரசிடம் இருக்கிறது, ஒரு ஆளின் வழியை முழுசாகத் தொடர இதைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் 48 மணி நேரம் உயிரோடு இருந்தாரா என்பதை மட்டும் வெற்றி என்று எடுத்துவிடக் கூடாது, தலைக்காயத்திலும் தொற்றிலும் பலர் அதற்குப் பிறகுதான் இறக்கிறார்கள். 30 நாள் வரை பார்க்க வேண்டும்.

ஆகவே என் தேர்வு இது. முதல் வருஷம் நேரக் கணக்கில் மேலே சொன்ன அஞ்சு மட்டும், கேப் மார்க் எல்லாருக்கும், மாதா மாதம் ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்தும் இறப்பு ஆய்வு, இந்த மூன்றும் போதும். 108-ல் ஏறும்போதோ முதல் ஆஸ்பத்திரியிலோ ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, கடைசி ஆஸ்பத்திரி வரை அதே எண் போக வேண்டும், ரெஃபர் சீட்டின் மேல் பெரிதாக எழுதினாலே போதும், சாஃப்ட்வேர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். ட்ரிஸ் வேண்டும் என்கிற மெடிக்கல் காலேஜ்கள் ஐ.சி.யூ.-வில் சேர்பவர்களுக்கு மட்டும் தனியாகச் செய்து பார்க்கலாம், தாலுகா ஆஸ்பத்திரி மேல் அதைத் திணிக்க வேண்டாம். ஆஸ்பத்திரிவாரியான இறப்பு சதவீதத்தை வெளியிடுவதை இப்போதைக்கு ஒத்திப்போட வேண்டும். பொதுமக்களுக்கு எண் காட்ட வேண்டும் என்றால் மாவட்ட அளவில் காட்டலாம்: இந்த மாவட்ட ரோட்டில் அடிபட்டவர்களில் எத்தனை பேர் 30 நாளில் உயிரோடு இருக்கிறார்கள், எந்த ஆஸ்பத்திரியில் இருந்தாலும், வீட்டில் இருந்தாலும்.

இத்தனைக்கும் வேண்டியது பதிவு பார்க்க ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆள். ராத்திரி வந்த கேஸ்களைக் காலையில் உட்கார்ந்து 108 பதிவோடும் ரெஃபர் சீட்டோடும் ஒப்பிட்டு, விட்டுப்போனதை டியூட்டி முடித்துப் போவதற்குள் நர்ஸிடம் கேட்டு எழுதும் ஆள். அந்த வேலையை ஏற்கெனவே டியூட்டியில் இருக்கும் நர்ஸ் தலையில் கட்டினால் மூன்று மாதத்தில் எல்லா நேரமும் மறுபடி 10.00, 10.30 ஆகிவிடும். அந்த ஒரு பணியிடத்துக்குக் காசு ஒதுக்க முடியாவிட்டால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு, இறப்பு ஆய்வுக் கூட்டத்தை மட்டுமாவது இந்த மாதமே தொடங்குங்கள்.